தரகருக்குக் கோபம் வரவில்லை

ரியேகா,
9 மார்ச் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கு உறை வந்தால் ஒன்று மின்சாரக் கட்டணமாக இருக்கும், இல்லையென்றால் யாராவது இறந்திருப்பார்கள். நீங்கள் பிரிக்காமலே அம்மா பக்கம் தள்ளிவிடுவீர்கள் என்று தெரியும். இது இரண்டும் இல்லை. நான்தான்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தார். உங்களிடம் தர மறுத்துவிட்டார். "இதயம் தாறுமாறா துடிக்குதுன்னு ஆஸ்பத்திரியில வெச்சிருந்து இப்பத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போன்ல பேச ஆரம்பிச்சா அவர் கத்துவார், நீ அழுவே. ஏதாவது சொல்லணும்னா எழுதிக்கங்க. காகிதத்துல எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது" என்றார்.

டாக்டர் லாசிச் உங்களுக்குக் கொடுத்திருக்கும் மாத்திரையின் பெயரை அம்மா எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். புரோபஃபெனோன். நல்ல மருந்துதான். இதயத்தின் மேல் அறைகளில் மின்சாரம் கண்டபடி ஓடுவதை அடக்கி, தாளத்துக்குக் கொண்டுவரும். மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுங்கள். உடம்பில் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும், சின்ன விஷயமாக இருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "யூராய்கிட்ட கை குடுத்துட்டேன். அக்டோபர்லேர்ந்து நம்ம ஊர்ல அவன் மருந்துக்கடையில நீதான்." சொல்லிவிட்டு எல்லோருக்கும் சாராயம் ஊற்றினீர்கள். நான் அன்று சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மாட்டுத் தரகுத் தொழிலில் வாக்காக ஒருமுறை கொடுத்த கையை யாரும் திரும்ப எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அது பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது வேண்டாம். முதலில் உடம்பு தேறட்டும்.

அன்புடன்,
லியெர்கா


லிபோவாட்ஸ்,
18 மார்ச் 2003

லியெர்கா,

உன் கடிதத்தை அம்மா படித்துக் காட்டினாள். பிறகு நானும் ஒருமுறை படித்தேன். அவள் தனக்குப் பிடிக்காததை விட்டுவிட்டுப் படிப்பாள்.

வித்தியாசமாகத் தெரிந்தால் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். எனக்குக் கோபம் வரவில்லை.

சிரிக்காதே. நேற்று திங்கட்கிழமைச் சந்தை. பிளாஷ் தன் சினைப்பசுவைக் கொண்டுவந்திருந்தான். பியெலோவார் பக்கத்திலிருந்து ஒருவன் வாங்க வந்தான். என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். விற்பவன் கையை ஒரு கையிலும் வாங்குபவன் கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, இருவரையும் திட்டி, வானத்தை நோக்கிக் கத்தி, போங்கடா என்று கையை உதறிவிட்டு நடந்து, திரும்பி வந்து, கடைசியில் இரண்டு கைகளையும் ஓங்கி அடித்துச் சேர்த்துவைக்க வேண்டும். முகம் சிவக்காமல் இது நடக்காது. எனக்கு முப்பது வருடமாக முகம் தானாகச் சிவக்கும்.

நேற்று வாங்க வந்தவன் ஒரு விலை சொன்னான். கேவலமான விலை. எனக்குத் தலைக்குள் கோபம் தயார். வார்த்தைகூடத் தயார். ஆனால் நெஞ்சு துணைக்கு வரவில்லை. குளிர்காலத்தில் லாரியின் சாவியைத் திருகினால் உர் உர் என்று மட்டும் சத்தம் வருமே, அப்படி. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளாஷ் என்னைத் தனியாக இழுத்தான்.

"இம்ப்ரா, என் பசுவுக்கு என்ன? மறைக்காம சொல்லு."

"ஒண்ணுமில்லடா. நல்ல பசு."

"நல்ல பசுன்னா எதுக்குடா இவ்வளவு மெதுவாப் பேசறே?"

பக்கத்துப் பட்டியிலிருந்து தோமோ கத்தினான். முப்பது வருடமாக என் வாடிக்கையாளர்களைத் தட்டிப் பறிக்கிறவன். "எல்லாரும் வாங்க! இம்ப்ரா சாமியாராயிட்டான்! பாவமன்னிப்பு வேணுங்கறவங்க அந்தப் பக்கம் வரிசையில நில்லுங்க!" நியாயமாக நான் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். லியெர்கா, தோமோவைப் பார்த்துச் சிரித்தேன். அவனே பயந்துபோய் உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகும் எப்படியோ கைகள் சேர்ந்தன. அல்தோமாஷ் குடிக்கப் போனோம். பேரம் முடிந்தால் குடித்துத்தானே முத்திரை வைக்க வேண்டும். சாராயத்தை வாயில் வைத்தால் பழைய சாவியை நக்கியது போல இருந்தது. துப்பிவிட்டேன். பியெலோவார்க்காரன் முகம் வெளுத்துவிட்டது. "தரகரே அல்தோமாஷைத் துப்பறார்னா அந்த மாட்டுல என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். பிளாஷ் என்னுடன் பேசுவதில்லை.

நீ படித்தவள். எனக்குச் சொல். அந்த டாக்டரம்மா எனக்குக் கொடுத்தது இதய மாத்திரையா, இல்லை காளையை எருதாக்குகிற மருந்தா?

அக்டோபர் விஷயத்தில் கேட்க என்ன இருக்கிறது? யூராய் உனக்காக உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான்.

இம்ப்ரா கொலாரெக்
கால்நடைத் தரகர்

(கடிதத்தில் இப்படிக் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறாள் உன் அம்மா. எனக்கு வேறு கையெழுத்து கிடையாது.)


ரியேகா,
24 மார்ச் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

இதய மாத்திரைதான், காளை மருந்து இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். ஆனால் நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

கோபம் தலையில் வருகிறது. அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அட்ரினலின் என்ற ஒரு சுரப்பு. அது இரத்தத்தில் ஓடிவந்து இதயத்தில் தனக்கென்று இருக்கும் நாற்காலிகளில் உட்காரும். உட்கார்ந்தவுடன் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்த நாற்காலிகளில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டு, அட்ரினலினை நிற்க வைத்துவிடும் மருந்துகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். இரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பார்கள். பரீட்சைக்குப் போகும் முன் கை நடுங்காமல் இருக்க அதை விழுங்கியவர்களை எனக்குத் தெரியும். நான் விழுங்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் பாஸ் செய்தேன்.

உங்கள் மாத்திரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. அதன் வேலை இதயத்தின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்வது. ஆனால் அதன் வேதி உருவம் அந்தக் குடும்பத்து மருந்து ஒன்றைப் போலவே இருக்கும். அதனால் வேலைக்கு வந்த இடத்தில், போகிற போக்கில், அந்த நாற்காலிகளிலும் கொஞ்சம் உட்கார்ந்துவிடும். வாய் கசப்பதும் இந்த மருந்தால்தான். சாராயத்தின் மேல் குற்றமில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பெரும்பாலானவர்களிடம் இந்த இரண்டாவது வேலை தெரியவே தெரியாது. உங்களிடம் மட்டும் ஏன் எல்லா நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறது? நாடித் துடிப்பு எவ்வளவு என்று அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். கைகால் சில்லிட்டுப் போகிறதா? படியேறும்போது மூச்சு இறுகுகிறதா? இதற்கு முன்னால் எந்த மருந்தாவது மற்றவர்களுக்குச் செய்வதை உங்களுக்குச் செய்யாமல் போயிருக்கிறதா?

இங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பின்னறையில்தான் எனக்குப் பயிற்சி. வார்டுகளிலிருந்து நோயாளிகளின் மருந்துத் தாள்கள் வரும். ஒன்றோடொன்று சண்டை போடும் மருந்துகள் இருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும். எங்கள் தலைமை மருந்தாளர் நெவெங்கா அம்மா, நான் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் கவலைப்படுவதில்லை. "நீ தாளைப் பார்க்கறியே, அது போதும்மா" என்பார்.

யூராயிடம் சுண்ணாம்புக்காக நன்றி சொல்லுங்கள். மற்றது பிறகு.

லியெர்கா


லிபோவாட்ஸ்,
8 ஏப்ரல் 2003

லியெர்கா,

இனிக் கவலையில்லை. சரியாகிவிட்டேன்.

நேற்றுச் சந்தையில் நீ இருந்திருக்க வேண்டும். நான் கத்திய கத்தலில் எடைமேடை மேல் நின்ற கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பிளாஷின் பசுவை விற்றேன். சொன்னதைவிட நல்ல விலைக்கு. அல்தோமாஷ் தேன் மாதிரி இறங்கியது. தோமோவிடம் போய், "இந்தா, சாமியார் வந்திருக்கேன், உன் பாவத்தை எல்லாம் சொல்லு, சாயந்தரம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றேன். ஊரே சிரித்தது. பிளாஷ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

உன் நாற்காலிக் கதை நன்றாக இருந்தது. அம்மா நாடி பார்த்தாள். ஐம்பதைத் தாண்டவில்லை என்றாள். அவள் எண்ணுவதில் எப்போதும் தப்பு வரும். கை சில்லென்று இருக்கிறது என்று அவள்தான் சொல்கிறாள். மூச்சு பரவாயில்லை.

வேலை செய்யாத மருந்து என்று கேட்டாய். எதுதான் என்னிடம் வேலை செய்தது? மாடு உதைத்து என் கால் ஒடிந்த வருடம் கோடீன் என்று ஒரு வலி மாத்திரை கொடுத்தார்களே. பக்கத்துக் கட்டில் ஆள் அதில் ஒன்றை விழுங்கிவிட்டுக் குழந்தை மாதிரித் தூங்கினான். எனக்கு அது சாக்பீஸ். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தார்கள். அப்போதும் சாக்பீஸ்தான். "இதுல பாதியில குதிரையே தூங்கும்யா" என்றார் அந்த டாக்டர். "அப்ப குதிரைக்கே குடுங்க, எனக்கு மருந்து குடுங்க" என்று நான் கத்தியதில் இரண்டு மாடி கேட்டது. நீ அப்போது சின்னப் பெண். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு என்னவோ கேட்க வேண்டுமாம். அம்மா சாடைமாடையாகச் சொன்னாள். கேள். எழுதித் தொலை. நான் தினமும் வீட்டில் சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.

இம்ப்ரா கொலாரெக்
கால்நடைத் தரகர்


ரியேகா,
11 ஏப்ரல் 2003

அப்பா,

நீங்கள் திங்கட்கிழமைகளில் மாத்திரை சாப்பிடுவதில்லை.

மறுக்காதீர்கள். அந்த மருந்து உடம்பில் இருந்தால் கிடாரி கயிற்றை அறுத்திருக்காது. சாராயம் தேனாக இறங்கியிருக்காது. ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சந்தைக்கு முன்னால் காளைக்குத் தண்ணீர் காட்டாமல் வைப்பது போல நீங்கள் உங்களையே தயார் செய்கிறீர்கள்.

நான் இதுவரை உங்களிடம் கோபமாகப் பேசியதில்லை. எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை. அதனால் மெதுவாகவே எழுதுகிறேன். தாளம் தப்பக் காத்திருக்கும் இதயத்திலிருந்து மருந்தைத் திடீரென்று எடுத்துவிட்டு, அதே நாளில் சாராயமும் கத்தலும் கொடுத்தால், அது மறுபடி தப்பும். இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தயவுசெய்து.

இப்போது சாக்பீஸ். அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நெவெங்கா அம்மா, "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "இல்ல, எங்கப்பாவோட கல்லீரலைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

கல்லீரலில் மருந்துகளை வெட்டும் கத்திகள் பல உண்டு. அதில் ஒரு கத்தி நூறு பேரில் ஐந்தாறு பேருக்குப் பிறவியிலேயே மொட்டை. கோடீன் அந்தக் கத்தியால் வெட்டப்பட்டால்தான் வலியைக் கொல்லும். வெட்டாவிட்டால் சாக்பீஸ். உங்கள் இதய மாத்திரையையும் அதே கத்திதான் வெட்டிக் குறைக்க வேண்டும். வெட்டாவிட்டால் அது உடம்பிலேயே சேர்ந்துகொண்டே போகும். நாற்காலிகளில் உட்காருவது வெட்டுப்படாத அந்த முழு மாத்திரைதான். மற்றவர்களுக்குச் சரியான அளவு, உங்களுக்கு அளவுக்கு மேல். அந்த டாக்டரிடம் நீங்கள் கத்தியதும் நியாயம்தான். அவர் கொடுத்ததும் நியாயமான மருந்துதான். கத்தி மொட்டை என்று இருவருக்கும் தெரியாது.

டாக்டர் லாசிச்சுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாலு முறை கிழித்துவிட்டு எழுதினேன். டாக்டருக்குச் சொல்லிக்கொடுப்பது போல இருக்கக் கூடாதே என்று. உடனே கொண்டுபோங்கள். திங்கட்கிழமைகளைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். நீங்களே.

நான் கேட்க வேண்டியதைக் கேட்கச் சொன்னீர்கள். அம்மாவும் போன வாரம் அதைத்தான் சொன்னார். "இப்பவே கேட்டுடு. அவர் கன்னுக்குட்டி மாதிரி இருக்கார். நேத்து சூப்புல உப்பைக் கொட்டிட்டேன். 'பரவாயில்ல யாகிட்சா'ன்னு சொல்லிட்டு முழுசாக் குடிச்சார். பயந்துபோய் நெத்தியில கை வெச்சுப் பாத்தேன். இந்த மாதிரி நேரம் மறுபடி வராதுடி."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் குடித்திருக்கிறவனோடு பேரம் பேச மாட்டீர்கள். "அவன் கை எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியாது, அதைப் புடிச்சு நான் என்ன பண்ண?" என்பீர்கள். எனக்குத் தெரிந்தே எல்லா நாற்காலிகளிலும் மாத்திரை உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் நான் மட்டும் எப்படிக் கேட்பது? உங்களால் கத்த முடிகிற அன்று கேட்கிறேன்.

லியெர்கா


லிபோவாட்ஸ்,
6 மே 2003

லியெர்கா,

மூன்று வாரத்துக்கு முன்பு உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் விழுந்தது திங்கட்கிழமை.

விழவில்லை. உட்கார்ந்தேன். ஒரு காளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் சாக்கில் கட்டிய முயல்கள் மாதிரி ஏதோ குதித்தது. தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். தொட்டி இல்லாத பக்கமாக உட்கார்ந்திருப்பேன் போல. மேலே பார்த்தால் தோமோவின் மூஞ்சி. கடைசியாகப் பார்ப்பது இதுவா என்று இருந்தது.

தோமோதான் தூக்கினான். அவன் மாட்டு லாரியில், பின்னால் இரண்டு பன்றிகளோடு, என்னை டாக்டரிடம் கொண்டுபோனான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். "செத்துகித்து வெக்காதடா. நீ போயிட்டா நான் யாரைத் திட்டிப் பொழைக்கிறது? அந்த பிளாஷையா?" பதிலுக்குத் திட்ட எனக்கு மூச்சில்லை. அவன் அழுதான் என்று நினைக்கிறேன். பன்றி நாற்றம் என்று சொன்னான்.

டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?" அம்மா பக்கத்தில் நின்றாள். நான், "ஒரு வேளைகூட விடலை டாக்டர்" என்றேன். அப்படியானால் அளவு போதவில்லை, கூட்டிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் உன் உறை வந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கத்தியதை நான் எழுதப் போவதில்லை. அவளுக்கு எந்த மாத்திரையும் கிடையாது.

கூட்டின மாத்திரையைப் பிரிக்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் போய்த் திங்கட்கிழமைகளை ஒப்புக்கொண்டேன். உன் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். கம்பிகளை எல்லாம் ஒட்டி நெஞ்சைப் படம் எடுத்தார். அந்தக் கோடீன் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு அளவைக் கூட்டவில்லை, குறைத்தார். "இதை எழுதினது யாரு?" என்றார். "என் பொண்ணு" என்றேன். "எங்க வேலை பாக்கறாங்க?" என்றார். அக்டோபரிலிருந்து யூராய் கடையில் என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் அப்படி ஒரு 'ஓ' வந்தால் மாட்டை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறாய் என்று அர்த்தம்.

இப்போது திங்கட்கிழமையும் சேர்த்து எல்லா நாளும் சாப்பிடுகிறேன். அம்மா வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள், குதிரைக்குப் பல் பார்ப்பது போல. முயல்கள் தூங்குகின்றன. சாராயம் டாக்டரம்மா தடை. அல்தோமாஷுக்கு உதட்டை மட்டும் நனைத்துக்கொள்கிறேன், யாரும் கவனிப்பதில்லை. கோபம் முழுசாக வரவில்லை, முக்கால் வருகிறது. முக்காலே போதும் என்று தெரிகிறது. மீதி கால் வெறும் எச்சில்தான் போல.

நேற்று சூப்பில் உப்பு அதிகம். கத்தினேன். கிண்ணம் அதிர்ந்தது. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே "அப்பாடா" என்றாள்.

ஆகவே, கேள். நாற்காலிகள் காலி. என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கத்தினாலும் கத்துவேன். முன்னாடியே சொல்லிவிட்டேன்.

இம்ப்ரா கொலாரெக்
கால்நடைத் தரகர்


ரியேகா,
11 மே 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். தோமோ மாமாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் போல இருக்கிறது. என்ன அனுப்பினால் அவர் உங்களைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யூராய் நல்ல மனிதர். அவர் கடையும் நல்ல கடை. அங்கே நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் காலையிலிருந்து மாலை வரை ஊரே வந்து, இம்ப்ராவின் மகளா, அம்மா எப்படி இருக்கிறார், உனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கும். நான் சிவந்துபோய்த் தலையாட்டிக்கொண்டே இருமல் மருந்து எடுத்துக் கொடுப்பேன். அதைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. பழகிக்கொள்வேன். நான் எதையும் பழகிக்கொள்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னைக் கேட்காமலே கை கொடுத்தீர்கள்.

ஆனால் இங்கே பின்னறையில் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் யாருடனோ பேசிக்கொண்டே இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. கட்டிலில் படுத்திருக்கும் யாரோ ஒருவருக்கு எது அளவுக்கு மேல், எது சாக்பீஸ் என்று அந்தத் தாள் சொல்கிறது. எனக்கு அது கேட்கிறது. இப்படிக் கேட்கும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரியாது. நம் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. நெவெங்கா அம்மா அக்டோபரிலிருந்து என்னை இங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்பே சொல்லிவிட்டார். சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அப்போதே எனக்குத் தெரியும்.

உங்களிடமிருந்து தப்பித்துப் போவதற்காகக் கேட்கவில்லை. பண்டிகைக்கெல்லாம் வருவேன். உங்கள் நாடியை நானே எண்ணுவேன்.

நான் கேட்பது உங்கள் தொழிலில் யாரும் செய்யாதது. தெரிந்துதான் கேட்கிறேன். இதைப் படித்த மறுநாள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, வேண்டிய மட்டும் கத்திவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு யூராய் கடைக்குப் போங்கள். அவருக்குக் கொடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். என்ன காரணம் என்று அவர் கேட்டால், இத்தனை வருடச் சந்தையில் நடக்காதது நடந்துவிட்டது, பேரம் முடிந்த பிறகு பசுவே வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள்.

லியெர்கா